கடைசி மிடறு

தவமணி ஐயருக்கு நல்ல குரல். அதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் சபைக்கு எத்தனையோ குருமார் வந்து போயிருக்கிறார்கள். பாதிப் பேர் பிரசங்கத்தை ஆரம்பித்தால் பின்வரிசையில் கொட்டாவி ஆரம்பித்துவிடும். இவர் வாயைத் திறந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று சொல்வார்களே, அதில் சர்க்கரையை முதலில் பார்த்தேன். கிழங்கு பிறகு வந்தது.

ஐயர் என்றதும் வெளியூர்க்காரர்கள் பூணூலைத் தேட வேண்டாம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சர்ச் குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்லுவோம். நான் பாளையங்கோட்டையில் சபைப் பள்ளிக்கூடத்து டீச்சர். பெயர் ஞானப்பூ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியம் வாசிப்பது நான்தான். கமிட்டியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒற்றை நாற்காலியும் என்னுடையது.

தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நற்செய்திக் கூட்டம் போட்டோம். ஐயர்தான் பேச்சாளர். இரட்சிப்புக்கு விலை கிடையாது என்றார். நீ நல்லவன் என்பதற்காக அதைத் தருவதில்லை. கை அழுக்கோடு வா, கழுவுவது ஆண்டவர் வேலை, நம்பி எழுந்து வருவது மட்டும்தான் உன் வேலை என்றார். "அவர் யாரையும் தள்ளிவிட மாட்டார்" என்று மைக் அதிரச் சொன்னார். முன்வரிசையில் எங்கள் கமிட்டிச் செயலாளர் தர்மக்கண் வக்கீல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் உருகித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மைதானத்துக் கேட்டுக்கு வெளியே விளக்குமாறும் கையுமாக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தால் கடலைத் தோலையும் காகிதத்தையும் பெருக்க வேண்டுமே. அவள் பெயர் உலகம்மாள். கார்ப்பரேஷன் துப்புரவுப் பணியாளர். எங்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூசைக் கழுவுவதும் அவள்தான். ஆள் நோஞ்சான், வாய் மட்டும் மேஸ்திரியையே ஓட ஓட விரட்டும். கேட்டுக்கு வெளியே நின்றாலும் மைக் அவளையும் விடவில்லை.

மறுநாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, சும்மா வந்தாப் போதும்னு ஐயர் சொன்னாரே. அது எல்லாருக்குமா, இல்ல பெஞ்சில உக்காந்திருந்தவியளுக்கு மட்டுமா?"

"எல்லாருக்குந்தான்."

"எனக்கும்?"

"உனக்குந்தாம்ளா. அதுல என்ன சந்தேகம்?"

அவள் உடனே நம்பிவிடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். பிறகு பைய கேட்டாள்: "ஒரே பாத்திரத்துல எல்லாரும் வாய் வச்சிக் குடிப்பியளாமே, நெசமா?"

திருவிருந்தைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. ஆமாம் என்றேன். ஆண்டவருடைய இரத்தத்துக்கு அடையாளமான திராட்சரசம், ஒரே பாத்திரம், ஏழை பணக்காரன் எல்லாருக்கும் அதுதான் என்றேன். அவள் கண் அகலமானது. மார்க்கெட்டு டீக்கடையில் அவளுக்கென்று வெளியே ஆணியில் ஓர் அலுமினிய டம்ளர் தொங்குவது எனக்குத் தெரியும். அவளே கழுவி, அவளே நீட்ட வேண்டும். கடைக்காரர் தூக்கி ஊற்றுவார்.

"மேலப்பாளையத்துல அலி அக்பர் பாய் கடையில எல்லாருக்கும் ஒரே கிளாசுதானேளா?" என்று சீண்டினேன்.

"அங்க கழுவித் தருவாவ. இங்க கழுவாமயே குடிப்பியளாமே!"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இரட்சிப்பு என்றால் அதுதான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. பரலோகம், பொன் வீதி, வெள்ளை அங்கி எதுவும் அவள் கேட்கவில்லை. ஒருத்தர் வாய் வைத்த இடத்தில் அவளும் வாய் வைக்க வேண்டும், அவள் வாய் வைத்த இடத்தில் இன்னொருத்தர் வைக்க வேண்டும். வேதம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு வாயில் அடக்கிவிட்டாள்.

ஞானஸ்நானம் தடபுடலாக நடந்தது. ஐயர் அவள் தலையில் தண்ணீர் ஊற்றுவதைப் போட்டோ பிடித்துச் சபைப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். புதுப்பெயர் வைக்கலாம் என்றதற்கு மட்டும் அவள் இணங்கவில்லை. "பேரை மாத்தினா கார்ப்பரேஷன்ல சம்பளத்தை எவ கைநாட்டு வச்சி வாங்க?" என்று கேட்டாள். உலகம்மாளாகவே இருந்தாள்.

அடுத்தது திடப்படுத்தல். அது முடிந்தால்தான் திருவிருந்துக்கு வரலாம். அதற்கான பாடங்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. அவளுக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வாள். பாத்திரம் பற்றிய பாடத்தில் மட்டும் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள்.

"பீடத்துக்கு முன்னால மரக்கிராதி இருக்கில்லா, அதுல வரிசையா முழங்கால் போடணும். ஐயர் பாத்திரத்தை வாயில வைப்பாரு. ஒரு மிடறு. குடிச்சதும் ஆமென் சொல்லணும். அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்."

"எல்லாரும் குடிச்ச பொறவு மிச்சம் இருந்தா?"

"கீழ ஊத்தக் கூடாது. ஒரு சொட்டு சிந்தக் கூடாது. ஐயரே குடிச்சிருவாரு. பாத்திரத்துல தண்ணிய ஊத்தி அலசி, அந்தத் தண்ணியையும் குடிச்சிருவாரு."

அவள் விரலை மடக்கி எதையோ யோசித்தாள். "கடைசியில நான் குடிச்சிருந்தா?"

"நீ குடிச்சிருந்தாலும்."

"என் எச்சியை ஐயர் குடிப்பாரா டீச்சரம்மா?"

"அது எச்சி இல்லளா, அது..." என்று ஆரம்பித்து, "குடிப்பாரு" என்று முடித்தேன். எவ்வளவு திடமாகச் சொன்னேன்! நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

பேராயர் வந்தார், அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார், போனார். முதல் திருவிருந்து ஞாயிறு வருவதற்குள் கமிட்டி கூடியது. வழக்கமாக ஸ்பீக்கர் ரிப்பேரையும் சுண்ணாம்பு அடிப்பதையும் பேசுகிறவர்கள் அன்றைக்குத் திருவிருந்து வரிசையைப் பேசினார்கள். தர்மக்கண் வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பளையை யாரும் வேண்டாம்னு சொல்லல. கடைசிப் பந்தியில தனியா வரட்டும், அம்புட்டுத்தான். பிந்துனவன்தான் முந்துவான்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. பாத்தா, நாம அவளுக்கு ஒசந்த இடந்தான் குடுக்கோம்."

சாத்தான் வேதம் ஓதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கறுப்புக் கோட்டுப் போட்டு ஓதியதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன் வக்கீல் சார், உங்க வீட்டு எடுப்புக் கக்கூசை அவதான வாரினா? செப்டிக் டேங்க் கட்டுத வரைக்கும் வாரினா. அப்போ கடைசியிலயா வரச் சொன்னிய? விடியுமுன்ன மொத ஆளா வரலைன்னா தெருவே கேக்கச் சத்தம் போடுவியளே!"

"டீச்சர், அது வேற, இது வேற. இது வாய் வைக்கிற விஷயம்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் சுகாதாரம் என்றார். இன்னொருவர் தம் மனைவிக்கு வாந்தி வந்துவிடும் என்றார். தங்கள் வீட்டுப் பீயை ஆயுசு முழுக்க அவள் தலையில் ஏற்றி அனுப்பியவர்கள் சுத்தம் பேசினார்கள். நான் ஐயரைப் பார்த்தேன். மைதானத்தில் அதிர்ந்த அந்தக் குரலில் ஒரு வார்த்தை வந்தால் போதும், இவர்கள் அடங்கிவிடுவார்கள். அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சபையில சமாதானம் முக்கியம்" என்றார் கடைசியில். "கொஞ்சம் கொஞ்சமாப் பழகிரும் டீச்சர்."

தீர்மானம் நிறைவேறியது. அவளுக்குப் பின்னால் யாரும் குடிக்க வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் நிம்மதி. கடைசி ஆளுக்குப் பிறகும் ஒரு வாய் பாக்கி இருக்கிறது என்பது, அத்தனை வருஷமாகத் திருவிருந்து எடுத்த ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த வாய்க்குச் சொந்தக்காரருக்காவது வந்ததா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் வெள்ளைச் சேலையில் வந்தாள். கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக ஓடுகிறதென்று கொக்கிரகுளம் வரைக்கும் நடந்து ஆற்றில் குளித்துவிட்டு வந்திருந்தாள். தலை ஈரம்கூடக் காயவில்லை. கடைசிப் பந்தி என்று சொன்னதற்கு அவள் முகம் கோணவில்லை. "கடைசின்னா என்ன, பாத்திரம் அதுதான?" என்றாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பந்தி பந்தியாக எழுந்து போனார்கள். பாடகர்களோடு முதல் பந்தியில் நான் வாங்கிக்கொண்டு வந்து ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது பீடத்துக்குப் பக்கவாட்டில் இருப்பதால் சபையார் கண்ணுக்குப் படாதது எனக்குப் படும். எல்லாரும் இடத்துக்குத் திரும்பிய பிறகு உலகம்மாள் தனியாகப் போய் அந்த நீளக் கிராதியில் முழங்கால் போட்டாள். ஐயர் பாத்திரத்தைத் தொடுவதா வேண்டாமா என்பதுபோல நீட்டினார். அவள் ஒரு மிடறு குடித்தாள். "ஆமென்" என்றாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

ஐயர் பீடத்துக்குத் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரத்தை முகத்துக்கு உயர்த்தினார். சபைக்கு அவர் முதுகு தெரிந்தது. எனக்கு அவர் தொண்டை தெரிந்தது. அது அசையவே இல்லை. உதடு இறுக மூடியிருந்தது. பாத்திரத்தை இறக்கி மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் பீடத்துத் துணிகளைச் சலவைக்கு எடுக்க நான் பின்பக்கம் போனேன். ஐயர் உடை மாற்றும் அறையின் புறவாசலில் குரோட்டன்ஸ் செடி ஒன்று உண்டு. ஐயர் அங்கியோடு குனிந்து அதன் தூரில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் "ஐயரே!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பியது என்னைப் பார்த்து அல்ல. செடிக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் நின்றிருந்தாள். எங்கே போனாலும் புறவாசலில் செருப்பைக் கழற்றித்தான் அவளுக்குப் பழக்கம். செருப்பை எடுக்க வந்தவள் கையில் செருப்போடு நின்றாள்.

"ஈ விழுந்துட்டும்மா" என்றார் ஐயர்.

சீ! அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. குடிக்க முடியவில்லை என்றால் மனுஷ பலவீனம் என்று விடலாம். அங்கியைப் போட்டுக்கொண்டு, ஆண்டவருடைய இரத்தம் என்று சற்று முன் சொன்ன அதே வாயால், ஈ! உலகம்மாள் மண்ணில் ஊறிய சிவப்பைப் பார்த்தாள். ஐயரைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நான் ஓடிப்போய்த் தெருமுக்கில் பிடித்தேன். அவள்தான் பேசினாள்.

"எங்க வீட்ல காப்பியில ஈ விழுந்தா எடுத்துப் போட்டுட்டுக் குடிப்போம் டீச்சரம்மா. ஒரு சொட்டு சிந்தக் கூடாதுன்னியளே."

"பேராயருக்கு எழுதுவோம்ளா. நான் எழுதுதேன், நீ கைநாட்டு வை."

"எழுதினா? பேராயர் வந்து குடிப்பாரா?" என்றாள். "விடுங்க. அடுத்த மாசப் பந்திக்கு வாரேன்."

நான் ஆத்திரம் தாங்காமல் அன்று சாயங்காலமே ஐயர் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மறுக்கவில்லை. அது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"நான் பேசுததை எல்லாம் நம்பித்தான் பேசுதேன் டீச்சர். சத்தியமா நம்புதேன். பாத்திரத்தைக் கிட்டக் கொண்டு போனா, அவ வாருனதெல்லாம் கண்ணு முன்னால வருது. குமட்டுது. நான் என்ன செய்ய? நம்பிக்கை வயித்துக்கு எறங்க மாட்டேங்குதே."

"குமட்டுனா குமட்டட்டும். கண்ணை மூடிக்கிட்டுக் குடிங்க."

"அங்கன பீடத்துல வச்சு வாந்தி எடுத்துட்டேன்னா?"

"எடுங்க! ஈ விழுந்துட்டுன்னு சொல்லுததுக்கு அது எம்புட்டோ மேல்."

அவர் முகம் வெளிறியது. வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கையைக் கூப்பினார். அழுதுவிடுவார்போல் இருந்தது. எனக்கு இரக்கம் வர வேண்டும், வரவில்லை. மைதானத்தில் அத்தனை பேரையும் எழுப்பிக் கூப்பிட்ட மனுஷன், ஒருத்தி நிஜமாகவே எழுந்து வந்ததும் மூக்கைப் பொத்துகிறார். கூப்பிட்டதை நம்பி வந்ததுதான் அவள் குற்றமா? அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஆனால் செய்தி எப்படியோ கசிந்தது. சபையில் பாதிப் பேருக்குக் குரோட்டன்ஸ் விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? யாருக்கும் கோபம் வரவில்லை. பாவம் ஐயர், அவர்தான் என்ன செய்வார் என்று அவருக்குத்தான் பரிதாபப்பட்டார்கள். பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கும் துணியைத் துவைக்கும் முறை அந்த மாதம் தர்மக்கண் வக்கீல் வீட்டுக்கு. வக்கீல் சம்சாரம் அதை இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாள். "நீங்களே துவைச்சிருங்க டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் தோணாது" என்றாள். துவைத்தேன். ஆத்திரத்தில் துணி கிழியாமல் இருந்தது ஆச்சரியம்.

அடுத்த மாதத் திருவிருந்து. உலகம்மாள் வர மாட்டாள் என்று வக்கீல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆராதனை தொடங்கும் மூன்றாம் மணி அடிக்கும்போது வந்து சேர்ந்தாள். அதே வெள்ளைச் சேலை, அதே ஈரத் தலை. பின்சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐயர் அன்றைக்கு இரட்சிப்பைப் பற்றிப் பேசவில்லை. பொறுமையைப் பற்றிப் பேசினார்.

பந்திகள் முடிந்தன. அவள் எழுந்து நடுப்பாதையில் நடந்து வந்தாள். சபை முழுக்க அவளையே பார்த்தது. கிராதியில் முழங்கால் போட்டாள். அப்பத்தை வாங்கிக்கொண்டாள். ஐயர் பாத்திரத்தை நீட்டியதும் இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிடித்தவள் விடவில்லை. ஒரு மிடறு போனது. இன்னொரு மிடறு. ஐயர் பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். தினமும் விளக்குமாறும் தள்ளுவண்டியும் பிடிக்கிற கை அது, இவர் இழுத்தா வரும்? அவள் தலையை நன்றாக அண்ணாந்து பாத்திரத்தைச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் ஆர்மோனியம் வரை கேட்டது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். வக்கீல் பெஞ்சைவிட்டுப் பாதி எழுந்து, அப்படியே நின்றார்.

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, பாத்திரத்தின் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் அதை ஐயர் கையில் கொடுத்தாள். முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டாள்.

"செடிக்கு மிச்சம் வைக்கல ஐயரே" என்றாள். "ஈயும் விழல. பாத்துட்டேன்."

கூச்சலாகச் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் வேலை முடிந்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். ஆமென் மட்டும் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. முழங்காலிலேயே இருந்து ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் பீடத்துக்குப் போனார். பழக்கதோஷத்தில் கை தண்ணீர்க் குப்பியை எடுத்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டது. ஊற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அலசிய தண்ணீரைக் குடிக்க வேண்டும். பாத்திரத்தை மூடும் துணி பக்கத்திலேயே இருந்தது. புறவாசலும் திறந்துதான் இருந்தது. இந்தத் தடவை முதுகு அவருக்கு உதவாது. சபைக்கே விஷயம் தெரியும். நான் அடுத்த கீர்த்தனையை ஆரம்பித்திருக்க வேண்டும். பாட்டு எழும்பினால் அந்தச் சத்தத்தில் அவர் தப்பித்துவிடலாம். ஆர்மோனியக் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணை மூடினார். தண்ணீர் உள்ளே போனது. தொண்டை ஒருமுறை அடைத்து, ஓங்கரித்து, தோள் குலுங்கி, பிறகு இறங்கியது. நான் பார்த்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த அருவருப்பு போய்விடவில்லை.

உலகம்மாள் அவர் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகுதான் "ஆமென்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.